பத்திரிகைத் தொழிலும் பொறுப்புக்கு நின்ற பெயரும்

(ஈஜிபுராவில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்திரிகைத் தொழில் அன்றும் இன்றும் எவ்வாறு இருக்கிறது என்பது பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். கடல் போன்ற பொருள் இது. எனக்கு அளிக்கப்பட்ட நேரமோ அரை மணி. எனக்குப் பின்னர்க் குழந்தைகளின் நடனம் இருக்கிறது. அவர்கள் திரைக்குப் பின்னே சலங்கை கட்டிக்கொண்டு நிற்கும் ஓசை என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஆதலின் கடல் முழுவதையும் நீந்த முயலாமல், ஒரு சிறு துறையில் மட்டும் இறங்கிக் கரையேறலாம் என்று எண்ணுகிறேன்.

உங்கள் வீட்டில் செய்தித்தாள் இருக்குமாயின், இன்று இரவு அதன் கடைசிப் பக்கத்தின் அடியைப் பாருங்கள். மிகச் சிறிய எழுத்தில், இன்னாருக்காக இன்னார் இந்த அச்சகத்தில் அச்சிட்டு வெளியிட்டது, ஆசிரியர் இன்னார் என்று ஒரு வரி இருக்கும். நம்மில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதனைப் படித்திருக்க மாட்டோம். இத்தொழிலில் நாற்பதாண்டு உழன்ற எனக்கு, முதற்பக்கத்துக் கொட்டை எழுத்துத் தலைப்பைவிட அந்த அடிவரியே பெரிதாகத் தோன்றுகிறது. காரணம் கூறுவேன்.

1867-ஆம் ஆண்டில் ஆங்கில அரசு, அச்சகங்களையும் நூல்களையும் பதிவு செய்வதற்கென ஒரு சட்டம் இயற்றியது. அச்சாகும் தாள் எதுவாயினும் அதனை அச்சிட்டவர் பெயரும் இடமும் அதில் இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் கட்டளை. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சி முடிந்து பத்தாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. எழுதியது பிடிக்கவில்லையென்றால் பிடித்துக்கொண்டு போவதற்கு ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அந்த ஆளின் முகவரிதான் அடிவரி. ஆனால் அதிகாரிகள் தங்கள் வசதிக்காகக் கொண்டுவந்த அந்த வரி, நாளடைவில் பத்திரிகைக்காரனின் மானமாக மாறியதைத்தான் நாம் கவனித்தல் வேண்டும்.

1878 செப்டம்பர் 20-ஆம் நாள் சென்னையில் ஆறு இளைஞர் கூடி ‘இந்து’ என்னும் ஆங்கில வார இதழைத் தொடங்கினர். கையில் முதல் இல்லை. ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி எண்பது படிகள் அச்சிட்டனர். முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தப்பட்டதை ஆங்கிலேயர் பத்திரிகைகள் இகழ்ந்தன. அதற்கு மறுமொழி சொல்ல நமக்கென ஒரு தாள் வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். அதே ஆண்டில்தான் லிட்டன் பிரபு, இந்திய மொழி இதழ்களை மட்டும் ஒடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் எழுதினால் தப்பலாம், தாய்மொழியில் எழுதினால் தண்டனை! ரிப்பன் பிரபு காலத்தில் அச்சட்டம் நீங்கியது. அந்த ஆறு பேருள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் ‘சுதேசமித்திரன்’ என்னும் தமிழ் இதழைத் தொடங்கினார். ஆங்கிலம் அறிந்த சிலருக்காக எழுதிய கை, தமிழ் மட்டும் அறிந்த பலருக்காகவும் எழுதத் துணிந்தது. 1898-இல் இந்துவை விட்டு விலகிய பின்னர்ச் சுதேசமித்திரனே அவருக்கு வாழ்வாயிற்று. 1908-இல் அரசு அவரைக் கைது செய்தது.

அந்நாளில் பத்திரிகாசிரியராவதற்குத் தேர்வு இல்லை, பட்டயம் இல்லை, சம்பள விகிதம் இல்லை. ஆசிரியரே பெரும்பாலும் முதலாளி. முதலாளியே பெரும்பாலும் கடனாளி. வக்கீல் தொழிலோ பள்ளிக்கூட வேலையோ ஒருவருக்குச் சோறு போடும். பத்திரிகை அச்சோற்றைத் தின்னும்.

1904-ஆம் ஆண்டு இறுதியில் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த ஓர் இளைஞரைச் சுப்பிரமணிய ஐயர் அழைத்து வந்து துணையாசிரியராக அமர்த்தினார். அவர்தாம் பாரதியார். நாமெல்லாம் அவரைக் கவியாகவே அறிவோம். அவர் மாதச் சம்பளம் வாங்கிய வேலை பத்திரிகை வேலை. என்ன வேலை? தந்தி ஆங்கிலத்தில் வரும். சொற்பொழிவு ஆங்கிலத்தில் நிகழும். அவற்றையெல்லாம் உடனுக்குடன் தமிழில் தரவேண்டும். அரசியல், பொருளாதாரம் ஆகியவற்றிற்குரிய சொற்கள் அன்று தமிழில் பழக்கத்தில் இல்லை. அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்க நேரமும் இல்லை. அச்சுக் கோப்பவர் கையை நீட்டிக்கொண்டு வாயிலில் நிற்பார். தமிழ் உரைநடை நவீனமானதற்குப் புலவர் மன்றங்கள் எவ்வளவு காரணமோ, அந்த அச்சுக் கோப்பவரின் நீட்டிய கையும் அவ்வளவு காரணம் என்பது என் கருத்து. புலவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பின்னர் 1906-இல் ‘இந்தியா’ வார இதழ் தோன்றியது. எழுத்தின் உயிர் பாரதியார். ஆனால் சட்டப்படி பதிவான ஆசிரியர் பெயர் எம். சீனிவாசன் என்பவருடையது. 1908-இல் அரசு பாய்ந்தபோது சிறை சென்றவர் சீனிவாசன். பாரதியார் புதுச்சேரி சென்றார். இதழும் அங்கிருந்து 1910 வரை வெளிவந்தது. இந்நிகழ்ச்சியை நினைக்குந்தோறும் என் மனம் இரண்டாகப் பிரியும். புதுச்சேரி வாழ்வு நமக்கு அளித்த கவிதைச் செல்வத்தை எண்ணி மகிழ்கிறோம். அடிவரியில் பெயர் இருந்த குற்றத்திற்காகச் சிறையில் இருந்தவரை எத்தனை பேர் நினைக்கிறோம்? இவ்வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில், வழக்கு வந்தால் சிறையில் போய் உட்காருவதற்கென்றே ஓர் ஆசிரியரைப் பத்திரிகைகள் பெயரளவில் வைத்திருந்தன. அவருக்கு அம்மொழியில் உட்காரும் ஆசிரியர் என்று பொருள்படும் பெயரே உண்டு. அவர் ஒரு வரியும் எழுதமாட்டார். எழுதியவர்களுக்காக உட்காருவார்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். ஈஜிபுராவிலும் விவேக்நகரிலும் நீலசந்திராவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றின் வேர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, 1809-இல் அமைந்த கண்டோன்மெண்ட். சென்னைப் படையோடு வந்த சிப்பாய்களும் கைவினைஞர்களும் வணிகர்களும் அங்கே குடியேறினர். மற்றொன்று கோலார் தங்கவயல். இவ்விரண்டிடத்தும் பத்திரிகைச் சட்டம் ஒன்றாக இருக்கவில்லை. மைசூர் சமஸ்தானம் 1908-இல் தனக்கென ஒரு பத்திரிகைச் சட்டம் செய்துகொண்டது. அரசின் அனுமதி இன்றி இதழ் நடத்த இயலாது என்றாயிற்று. ‘தாதையா’ என மக்கள் அன்போடு அழைத்த வெங்கடகிருஷ்ணையா அதனை எதிர்த்துத் தம் இதழ்களை நிறுத்திவிட்டார். கண்டோன்மெண்ட் பகுதியோ 1947 வரை ஆங்கிலேயர் ஆட்சியிலேயே இருந்தது. ஒரே ஊரில் ஒரு தெருவைத் தாண்டினால் வேறு சட்டம். இதே பெங்களூரில்தான் டி. வி. குண்டப்பா கன்னடப் பத்திரிகைத் தொழிலுக்கு ஓர் ஒழுக்கத்தை வகுத்தார். செய்தித்தாளைப் பற்றியே ஒரு நூலும் எழுதினார். 1970-இல் பொதுமக்கள் அவருக்கு அளித்த ஒரு லட்சம் ரூபாயைத் தாம் நிறுவிய கோகலே பொதுவாழ்வுக் கழகத்திற்கே கொடுத்துவிட்டார். நம் கன்னட அண்டை வீட்டாரிடம் அவரைப் பற்றிக் கேளுங்கள், மணிக்கணக்கில் சொல்வார்கள்.

தங்கவயலைப் பற்றி நான் சற்று விரித்துச் சொல்லவேண்டும். சித்த மருத்துவரான அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19-ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ஒரு வார இதழைத் தொடங்கினார். அதன் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையே பெயராயிற்று. நான்கு பக்கம். ஓராண்டுக்குப் பின் ‘தமிழன்’ என்று பெயர் சுருங்கியது. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டோர், தம் வரலாற்றைத் தாமே எழுதத் தொடங்கிய தாள் அது. அதனைப் படித்தவர் யார்? சென்னையில் சிலர், கடல் கடந்து பர்மாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் சிலர், தங்கவயலில் பலர். பூமிக்கடியில் வேலை செய்துவிட்டு ஏறி வந்தவர்கள், படிக்கத் தெரிந்த ஒருவரைச் சூழ்ந்து அமர்ந்து, அவர் படிக்கக் கேட்டனர். செல்வர் ஒருவரின் கொடையில் நடந்த இதழ்கள் உண்டு. கட்சியின் பணத்தில் நடந்தவையும் உண்டு. இதுவோ படிப்பவரின் ஒரு பைசாவை நம்பி எழுந்தது. 1914-இல் பண்டிதர் மறைந்தார். சிறிது காலத்தில் இதழ் நின்றது. பின்னர் 1926-இல் ஜி. அப்பாதுரையார் அதனைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் நடத்தினார். சென்னையில் தோன்றிய ஓர் இதழைக் குடிபெயர்ந்தோர் வாழ்ந்த ஒரு சுரங்க நகரம் எடுத்து வளர்த்தது என்றால், அது நம்மைப் போன்ற சங்கத்தார் பெருமைப்படத்தக்க செய்தி அன்றோ?

அடுத்த காலத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் நன்கு அறிந்ததே. 1917-இல் ‘தேசபக்தன்’, 1920-இல் ‘நவசக்தி’ ஆகியவற்றின் வாயிலாகத் திரு. வி. க. தலையங்கத்திற்குத் தமிழ்ச் சுவை ஊட்டினார். பாரதியார் நினைவு நாளான செப்டம்பர் 11-இல், 1934-ஆம் ஆண்டு, டி. எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு ‘தினமணி’ தோன்றியது. அவருக்குப் பின் ஏ. என். சிவராமன் நாற்பதாண்டுகளுக்கு மேல் அவ்வாசனத்தில் இருந்தார். 1942-இல் பாரிஸ்டர் சி. பா. ஆதித்தனார் மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கினார். அவர் செய்தது ஒரு புரட்சி. எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்கும் விளங்கும் சிறு வாக்கியம், பெரிய எழுத்து, படம், இவ்வளவே. இதழாளருக்கென ஒரு கையேடும் எழுதினார். அதற்கு முன் இத்தொழிலைக் குருவின் பக்கத்தில் இருந்துதான் கற்கவேண்டும். அவர் கற்பதற்குரிய விதிகளாக அதனை வகுத்துக் கொடுத்தார். தேநீர்க் கடைப் பலகையில் ஒரு தாளைப் பிரித்து நால்வர் படிக்கும் காட்சி அதன் விளைவு. இன்று அத்தாள் பெங்களூரிலும் அச்சாகிறது.

இவ்வாறு பத்திரிகை பெருந்தொழிலான பிறகு, ஆசிரியரும் முதலாளியும் வேறு வேறு ஆட்களாயினர். தியாகியின் இடத்தில் சம்பளக்காரன் வந்தான். இதனை இழிவாகச் சிலர் பேசுவர், நான் பேசமாட்டேன். பசித்த குழந்தையை வீட்டில் வைத்துக்கொண்டு எவனும் நெடுநாள் உண்மை எழுத இயலாது. நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையில் அமைந்த முதற் பத்திரிகை ஆணையம் இவர்கள் நிலையை ஆராய்ந்தது. அதன் பயனாக 1955-இல் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் வந்தது. நான்கு வாரத்தில் 144 மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது. ஆசிரியரை நீக்குவதாயின் ஆறு மாதமும், மற்றப் பத்திரிகையாளரை நீக்குவதாயின் மூன்று மாதமும் முன்னறிவிப்புத் தரவேண்டும் என்றெல்லாம் அதில் விதிகள் இருந்தன. இந்த ஆறு மாதத்தின் அருமையைச் சிந்தியுங்கள். முதலாளிக்குப் பிடிக்காத ஒன்றை எழுதிய ஆசிரியன் மறுநாளே தெருவில் நிற்கமாட்டான் என்பதே அதன் பொருள். அடிவரியில் பெயர் போட்டுக்கொள்ளும் துணிவுக்கு அது ஒரு முட்டு.

நான் இத்தொழிலில் சேர்ந்த நாளில் ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலம் இன்னும் முடியவில்லை. மெய்ப்புத் திருத்துவோர் அறையில் என்னை முதலில் உட்கார வைத்தார்கள். அச்சுக் கோப்பவர் ஒவ்வோர் எழுத்தையும் தலைகீழாகவே படிப்பார். நேராக வைத்தால் அவருக்குத் தடுமாறும். 1978-இல் தமிழ்நாட்டு அரசு, பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, துதிக்கை வைத்த ‘லை’யும் ‘னை’யும் அறைகளிலிருந்து நீங்கின. எங்கள் மூத்த கோப்பாளர் ஒருவர், உறவினர் ஊரைவிட்டுப் போனது போல வருந்தினார். பின்பு கணிப்பொறி வந்தது. கோப்பவர் போனார், மெய்ப்புத் திருத்துபவர் போனார், இரவெல்லாம் கடகடவென்று ஓடிய டெலிபிரிண்டரும் போயிற்று. செய்தியைப் பலர் கை மாற்றி, பலர் கண் பார்த்து அனுப்பிய காலம் மாறி, ஒருவரே எழுதி, ஒருவரே படம் எடுத்து, ஒருவரே வெளியிடும் காலம் வந்துவிட்டது. விரைவு கூடியது. இரண்டாம் கண் குறைந்தது.

சம்பளத்தின் கதையும் மாறியது. ஊழியர் பலர் ஒப்பந்தக்காரராயினர். மஜிதியா ஊதியக் குழுவின் முடிவை உச்ச நீதிமன்றம் 2014-இல் செல்லும் என்று தீர்ப்பளித்த பின்னரும், அதனைப் பெறுவதற்குப் பலர் வழக்காட நேர்ந்தது. 2020-இல், கொள்ளைநோய்க் காலத்தில், நாடெங்கும் செய்தி நிறுவனங்களில் பலர் வேலை இழந்தனர். அதே ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தன்னுள் கரைத்துக்கொண்டது. சிற்றூர்களிலிருந்து செய்தி அனுப்புவோர் பலர் இன்றும் மாதச் சம்பளம் அற்றவர்களே. அச்சேறிய செய்திக்கு இவ்வளவு என்று பெறுவர், சில சமயம் அதுவும் பெறார். அவர்களுக்கு வேறு பிழைப்பு உண்டு. வேறு பிழைப்பு கொடுப்பவர்களைப் பற்றி அவர்கள் எழுதுவது எங்ஙனம்? சுப்பிரமணிய ஐயர் காலத்துக் கடனாளி நிலை வேறு வடிவில் திரும்புகிறதோ என்று எனக்கு ஐயமாக இருக்கிறது.

தாய்மார்களே, பெரியோர்களே! இத்தனையும் பத்திரிகைக்காரர் வீட்டுக் கதை, நமக்கென்ன என்று நீங்கள் எண்ணலாம். இந்த நகரில் வாழும் தமிழர் அப்படி எண்ண இயலாது. 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி இங்கே நிகழ்ந்த கலவரத்தை இந்த அவையில் பலர் கண்ணால் கண்டிருப்பீர்கள். அந்நாளில் எத்தெரு எரிகிறது, எத்தெரு அமைதியாக இருக்கிறது என்று அறிவதற்கு வழி இருந்ததா? வாய்மொழியே வழி. வாய்மொழி அச்சத்தின் குழந்தை.

2012 ஆகஸ்டில் நடந்தது இன்னும் வியப்பானது. வடகிழக்கு மாநிலத்து இளைஞர்களைத் தாக்கப் போகிறார்கள் என்று கைப்பேசிகளில் குறுஞ்செய்தி பரவியது. அனுப்பியவர் பெயர் இல்லை, ஊர் இல்லை. இரண்டு மூன்று நாள்களில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளோடு இரயில் நிலையத்தில் குவிந்தனர். குவாஹாத்திக்குச் சிறப்பு இரயில்கள் விடப்பட்டன. நம் தெருக்களில் வாடகைக்கு இருந்தவர்களும், நம் கடைகளில் வேலை பார்த்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அரசு ஒரு நாளைக்கு ஐந்து குறுஞ்செய்திக்கு மேல் அனுப்பலாகாது என்று பதினைந்து நாள் தடை விதித்தது. நாம் பார்த்துக்கொண்டிருந்தோம், நமக்கு நேராத ஒன்று என்று நினைத்தோம்.

2016 செப்டம்பர் 12-ஆம் நாள் நம் முறை வந்தது. காவிரி பற்றிய உச்ச நீதிமன்ற ஆணையை ஒட்டி நகர் கொந்தளித்தது. அங்கே நம்மவரை அடிக்கிறார்கள் என்று இங்கே ஒரு படம். இங்கே நம்மவரை அடிக்கிறார்கள் என்று அங்கே ஒரு படம். கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் அவை ஓயாமல் சுழன்றன. பேருந்துகள் எரிந்தன, பல காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு. எந்தப் படம் அன்று எடுத்தது, எது எப்போதோ எடுத்தது என்று பிரித்துச் சொல்லவேண்டிய தொழில் ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர்தான் பத்திரிகைத் தொழில். ஒரு நிருபர் சென்று பார்த்து, துணையாசிரியர் ஐயப்பட்டு, மறுபடியும் கேட்டு, தவறாயின் நான் பதில் சொல்வேன் என்று ஒருவர் பெயர் போட்டு வெளியிடுவது. அன்று நம் கைக்கு வந்த நூறு செய்தியில் எத்தனைக்கு அடியில் பெயர் இருந்தது?

1867-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 2023-இல் புதிய பதிவுச் சட்டம் இயற்றினார்கள். 2024 மார்ச் முதல் அது நடப்பில் இருக்கிறது. இதழ்களுக்கு வெளியீட்டாளர் பெயர் இன்னும் வேண்டும். இணையவழிச் செய்தி நிறுவனங்களும் 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, குறைகளைக் கேட்க ஓர் அலுவலரின் பெயரைக் காட்டவேண்டும். ஆனால் நம் உறவினர் குழுவில் விடியற்காலையில் வந்து விழும் செய்திக்கு யார் பெயரும் இல்லை. அது மாமாவிடமிருந்து வந்தது. மாமாவுக்கு அவர் நண்பரிடமிருந்து வந்தது. மாமாவைச் சிறைக்கு அனுப்பவேண்டும் என்று நான் கூறவில்லை! சீனிவாசன் பட்டது போதும்.

இதழியல் படிக்கும் பிள்ளைகள் இருவர் நம் காலனியில் இருப்பதாகச் செயலாளர் சொன்னார். அவர்கள் பெற்றோர், இது நிலையான வேலையா என்று என்னைக் கேட்கச் சொன்னார்களாம். நிலையானது என்று நான் பொய் சொல்லமாட்டேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, எழுதியதற்கு யார் துணை நிற்பார் என்றும் கேட்டுவிட்டுச் சேருங்கள் என்பேன்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. அதன் பின்னர்ப் பல குடும்பங்கள் பெங்களூருக்கு வந்துவிட்டன. நம் சங்கத்திலும் சிலர் உண்டு. அயோத்திதாசர் இதழில் எழுதியவை 1999-இல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வெளியீடாக, ஞான. அலாய்சியஸ் தொகுத்து நூலாக வந்தன. பழைய தாள்களைப் பற்றுள்ள சிலர் தம் வீடுகளில் காத்து வைத்திருந்தமையால்தான் அது இயன்றது. உங்கள் பாட்டனார் கொண்டுவந்த தகரப் பெட்டியிலோ, பரணிலோ பழைய தமிழ்ப் பத்திரிகைக் கட்டு ஏதேனும் கிடக்கலாம். வீடு மாற்றும்போது பழைய தாள்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கரையான் அரித்ததாயினும் சரி, முதற்பக்கம் கிழிந்ததாயினும் சரி, நம் சங்க நூலகத்திற்குக் கொண்டு வாருங்கள். அதனைத் தூசி தட்டி, ஆண்டு வாரியாக அடுக்கித் தர இந்தக் கிழவன் ஞாயிறுதோறும் வருகிறேன்.

குழந்தைகளை இனியும் காக்க வைத்தல் முறையன்று.